கைகுலுக்கலோடு முடிகிற அறிமுகம்

சர்வர் பக்கம் வெப்சாக்கெட் நிரல் எழுதுகிறவர்கள் சீக்கிரமே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பயனர் லாகின் செய்துவிட்டார், பக்கத்தில் அவர் பெயர் தெரிகிறது. அதே பக்கத்திலிருந்து சாக்கெட் வழியாக ஒரு செய்தி வருகிறது. அதை வாங்கும் நிரலில் நின்று "இதை அனுப்பினது யாரு?" என்று கேட்டால் பதில் இல்லை. ரிக்வெஸ்டும் இல்லை, செஷனும் இல்லை. இது யாரோ கவனிக்காமல் விட்ட ஓட்டை இல்லீங்க. இதுக்குப் பின்னால் இருபது வருஷக் கதை இருக்கு.

1990களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்டிடிபி ஒரு மறதிக்காரன். கேட்டால் பதில் தரும், உடனே மறந்துவிடும். கட்டுரை படிக்க அது போதும், கடை நடத்தப் போதாது. அதனால் 1994ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுலி குக்கீயைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சீட்டு கொடுக்கும், பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதை நீட்டும். ஜாவா சர்வ்லெட்டின் செஷன் பெரும்பாலும் இந்தச் சீட்டை நம்பித்தான் ஓடுகிறது. இதில் 'ஒவ்வொரு முறையும்' என்பதுதான் முக்கியம். அதை நம்பித்தான் பல ஃப்ரேம்வொர்க்குகள் ரிக்வெஸ்டைக் கவனிக்கும் த்ரெட்டிலேயே 'இப்போதைய பயனர்' யார் என்பதை முடிந்து வைத்தன.

அடுத்து வந்தது சாட்டும் நேரலை ஸ்கோரும். கேட்காமலே சர்வர் பேச வேண்டியிருந்தது. இணைப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு தாமதமாகப் பதில் தரும் உத்திகளுக்கு 2006ல் அலெக்ஸ் ரஸ்ஸல் 'காமெட்' என்று பெயர் வைத்தார். ஒழுங்கான தீர்வு 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 ஆக வந்தது. அதுதான் வெப்சாக்கெட்.

ஏற்கனவே திறந்திருக்கும் 80, 443 போர்ட்டுகள் வழியாகவே போக வேண்டும் என்பதால் அதன் தொடக்கம் மட்டும் எச்டிடிபி. பிரவுசர் 'அப்கிரேட்' கேட்கும், சர்வர் 101 என்று பதில் சொல்லும். இதற்குக் கைகுலுக்கல் என்று பெயர். அதோடு எச்டிடிபி விடைபெற்றுவிடும். குக்கீ அந்த முதல் ரிக்வெஸ்டில் மட்டும்தான் வரும்.

கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் நீட்டுகிறவருக்கு வந்தவர் யாரென்று தெரியும். பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவருக்கு இலைதான் தெரியும். வெப்சாக்கெட் பந்தி மாதிரி. ஆளை விசாரிக்கணும்னா வாசலிலேயே விசாரிக்கணும்.

2013ல் ஜாவா ஈஈ 7 உடன் வந்த ஜேஎஸ்ஆர் 356 இதைத்தான் செய்தது. சாக்கெட்டுக்கான ஜாவா விதிகளை வகுத்தது அதுதான். கைகுலுக்கும் நேரத்தில் ஓடும் 'மாடிஃபை ஹேண்ட்ஷேக்' என்ற மெத்தடில், அந்த ரிக்வெஸ்டோடு சேர்ந்த செஷனை எட்டிப் பிடிக்கலாம். வேண்டியதை எடுத்துச் சாக்கெட் பக்கம் கொடுத்துவிடலாம்.

ஆனால் எடுத்து வைத்த செஷன் உயிரோடு இருக்குமா? டாம்கேட்டில் இயல்பான செஷன் ஆயுள் 30 நிமிடம். சாக்கெட்டில் வரும் செய்தி எச்டிடிபி ரிக்வெஸ்ட் இல்லை, அதனால் அந்தக் கடிகாரம் திரும்ப முதலிலிருந்து ஓடாது. ஒருவர் சாட்டில் மும்முரமாகப் பேசிக்கொண்டே இருப்பார், சர்வரின் கணக்கில் அவர் அரை மணியாகச் சும்மா இருப்பவர். லாகின் காலாவதியானாலோ லாக்அவுட் செய்தாலோ, அந்த லாகினை நம்பித் திறந்த சாக்கெட்டை 1008 என்ற குறியீட்டோடு மூடியாக வேண்டும் என்று அதே ஜேஎஸ்ஆர் சொல்கிறது. பேசிக்கொண்டிருந்தவருக்கு ஏன் வெளியே தள்ளப்பட்டோம் என்றே புரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வேறொரு தளத்தின் பக்கமும் உங்கள் சர்வருக்குச் சாக்கெட் திறக்கலாம். பிரவுசரின் குக்கீ விதிகள் தடுக்காவிட்டால் பயனரின் சீட்டும் கூடவே வரும். அதனால் கைகுலுக்கலில் 'ஆரிஜின்' ஹெடரைப் பார்ப்பது சர்வரின் பொறுப்பு.

இந்த வரலாற்றைப் படித்தபின் நான் செஷனை முழுசா உள்ளே இழுத்து வருவதில்லை. வாசலில் பயனர் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். பணம், கடவுச்சொல் மாதிரி விஷயம் வந்தால் அந்த அனுமதி இன்னும் செல்லுமா என்று மறுபடி கேட்கிறேன். இணைப்பு திறந்திருக்கிறது என்பது ஒன்று, ஆள் இன்னும் அதே ஆள்தான் என்பது வேறொன்று. குக்கீ காலத்தில் இரண்டும் ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் சேர்ந்தே வந்ததால், பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவே இல்லை.