ஹனோயில் உடைந்த வரிசை

ஆசிய மகளிர் கைப்பந்துச் சாம்பியன் போட்டி ஆசிய மண்ணில் தொடங்கவில்லை. 1975-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில்தான் அது முதன்முதலாக நடைபெற்றது. ஆசியக் கைப்பந்துக் கூட்டமைப்பின் எல்லைக்குள் ஆஸ்திரேலியாவும் அடக்கம் என்பதே காரணம். (தமிழகத்தார் கைப்பந்து என்பதை ஈழத்தார் கரப்பந்து என்பர். வாலிபால் என்றால் இருவருக்கும் புரியும்.) அவ்வாண்டு ஜப்பான் வென்றது. தென்கொரியா இரண்டாமிடமும் சீனா மூன்றாமிடமும் பெற்றன. அதன்பின் 2007 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், கோப்பை ஜப்பானிடமோ சீனாவிடமோ அன்றி வேறெவரிடமும் செல்லவில்லை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற தென்கொரிய மகளிருக்கும் ஆசியப் பட்டம் கைகூடவில்லை.

இந்த ஆதிக்கத்தின் வேர் ஒரு நூற்பாலையில் இருக்கிறது. ஜப்பானின் கைஸுகா என்னும் ஊரில் இருந்த நிச்சிபோ ஆலையின் பெண்கள் பகலில் பணி செய்துவிட்டு நள்ளிரவு வரை பயிற்சி பெற்றவர்கள். பயிற்சியாளர் தைமத்ஸு ஹிரோபுமி. கீழே விழும் பந்தைப் பாய்ந்து எடுத்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் முறையை அவர் அவர்களுக்குப் பழக்கினார். பயிற்சியின் கொடுமை குறித்து அக்காலத்திலேயே கண்டனங்கள் எழுந்தன. இன்று படித்தாலும் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அப்பெண்களை மையமாகக் கொண்ட அணி 1962-இல் மாஸ்கோவில் சோவியத் அணியை வீழ்த்தி உலகப் பட்டத்தையும், 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றது. 'கீழைத்தேயச் சூனியக்காரிகள்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆண்கள் வென்றிருந்தால் இப்படியொரு பெயர் கிடைத்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

1965-இல் சீனப் பிரதமர் சூ என்லாய் தைமத்ஸுவைத் தம் நாட்டுக்கு அழைத்துச் சீனப் பெண்களுக்குப் பயிற்சியளிக்கச் செய்தார். விதைத்தது உடனே முளைக்கவில்லை. பண்பாட்டுப் புரட்சி குறுக்கிட்டது. 1979-இல் ஹாங்காங்கில் நடந்த இரண்டாம் ஆசியப் போட்டியில், யுவான் வெய்மின் பயிற்றுவித்த சீன அணி ஜப்பானை முந்திப் பட்டம் பெற்றது. இளம் லாங் பிங் அவ்வணியில் இருந்தார். மாணவர் ஆசிரியரை வென்ற அந்நாளைக் காணத் தைமத்ஸு உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். 1983-இல் ஃபுகுவோகாவில் ஜப்பான் கோப்பையை மீட்டது. பிறகு 1987 முதல் 2005 வரை தொடர்ந்து பத்து முறை சீனாவே வென்றது.

இந்தச் சுவரில்தான் தாய்லாந்துப் பெண்கள் மோதினர். வலைக்கு மேலே நிகழும் ஆட்டத்தில் உயரமே முதல் என்பது பொதுக்கருத்து. லாங் பிங்கின் உயரம் 184 செ.மீ. தாய்லாந்தின் செட்டர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை எழுப்பித் தருபவரான, நூத்சரா தோம்கோமின் உயரமோ 169 செ.மீ. உயரத்தால் முடியாததைத் தாய்லாந்தினர் வேகத்தால் ஈடுசெய்தனர். பந்தை உயரத் தூக்கினால் எதிரணியின் நெட்டையர் மறிக்க நேரம் கிடைத்துவிடும். ஆகவே தாழ்வாகவும் விரைவாகவும் பந்து போகும். இரண்டு மூன்று பேர் ஒரே கணத்தில் ஓடி எழும்புவர். யார் அடிக்கப்போகிறார் என்பதை மறிப்பவர் அறியுமுன் பந்து தரையைத் தொட்டிருக்கும். பயிற்சியாளர் கியாத்திபோங் ராட்சடகிரியென்க்ராய் வளர்த்த ஆட்டம் இது. 2004-இல் சீனாவுக்கு ஒலிம்பிக் தங்கம் பெற்றுத்தந்த அணித்தலைவியும் செட்டருமான ஃபெங் குன் பின்னர் அவருக்கே மனைவியானார் என்பது சுவையான செய்தி.

2009 செப்டம்பரில், ஹனோய் நகரில், இறுதியாட்டத்தில் தாய்லாந்து சீனாவை 3–1 எனத் தோற்கடித்தது. விலாவன் அபின்யாபோங், பிளூம்ஜித் தின்காவ், ஓனுமா சித்திரக், மாலிகா காந்தோங் ஆகியோர் நூத்சராவுடன் அந்தத் தலைமுறையின் தூண்கள். 2013-இல் தம் நாட்டு நகோன் ராச்சசிமாவில் ஜப்பானை 3–0 என வென்று இரண்டாம் முறை பட்டம் பெற்றனர்.

ஆனால் ஒலிம்பிக் வாயில் திறக்கவில்லை. 2012 மே மாதம் டோக்கியோவில் நடந்த தகுதிப்போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஜப்பான் செர்பியாவிடம் 2–3 எனத் தோற்றது. முடிவில் அவ்விரு நாடுகளுமே லண்டன் செல்ல, தாய்லாந்து வெளியே நின்றது. 2016 மே மாதம், அதே டோக்கியோவில், ஜப்பானுக்கு எதிரான ஐந்தாவது செட்டில் தாய்லாந்து 12–6 என முன்னிலையில் இருந்தது. வெற்றிக்கு மூன்றே புள்ளி. அப்போது ஆட்டக்காரர் மாற்றம் தொடர்பாக எழுந்த வாக்குவாதத்தில் கியாத்திபோங்குக்கு இருமுறை சிவப்பு அட்டை காட்டப்பட்டது. கைப்பந்தில் சிவப்பு அட்டை என்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி. ஜப்பான் 15–13 என வென்றது. விதிப்படி நடந்ததெனச் சொல்வோர் உண்டு. விதி சரியாக இருக்கலாம். அந்த நேரத்தில் அதை அவ்வளவு கண்டிப்பாகப் பயன்படுத்தியது சரியென்று என்னால் சொல்ல இயலவில்லை. 2020 ஜனவரியில் நகோன் ராச்சசிமாவிலேயே தென்கொரியாவிடம் 0–3 எனத் தோற்றதோடு அத்தலைமுறையின் கடைசி வாய்ப்பும் போயிற்று.

நாளிதழ்கள் மூலையில் நான்கு வரி ஒதுக்கும் வட்டாரப் போட்டிதான் இது. எனினும் நூத்சராவின் தலைமுறை சீனாவையும் ஜப்பானையும் வென்ற கதைக்கு இதன் பட்டியலே சான்று. ஒலிம்பிக் ஏடுகளைப் புரட்டினால் அவர்கள் பெயர் கிடைக்காது. 2023-இல் மீண்டும் நகோன் ராச்சசிமாவில் தாய்லாந்து சீனாவை 3–2 என வென்றது. அப்போது நூத்சரா களத்தில் இல்லை. பந்தை எழுப்பித் தந்தவர் போர்ன்புன் கெட்பார்ட்.