சமபந்தியும் அடுப்படியும்

சேந்தமங்கலம் பக்கம் இப்போது கல்யாணச் சாப்பாட்டை மண்டபத்தில் காண்ட்ராக்ட் விட்டுவிடுகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். மண்டபங்கள் வருவதற்கு முன்பு, வாசலில் பந்தல் போட்ட காலத்தில், முதல் பந்தி ஆண்களுக்கு. பிறகு பிள்ளைகள். பரிமாறி முடித்த பெண்கள் கடைசியாக, அடியில் மிஞ்சிய குழம்போடு. அவர்களுக்கும் பிறகு பந்தலுக்கு வெளியே ஏனத்தை ஏந்தி நின்றவர்கள். யார் எப்போது எங்கே உட்காரலாம் என்பதில் சாதியும் ஆண் பெண் வேறுபாடும் ஒன்றாகவே பின்னிக் கிடந்தன. ஆனால் சேர்ந்துண்ணும் போராட்டத்தின் வரலாற்றை எழுதியவர்கள் முதல் இழையை மட்டும் பிரித்தெடுத்தார்கள்.

அந்தப் போராட்டத்தில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் ராசிபுரம். டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு பிறந்த ஊர். சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' பத்திரிகையைத் தொடங்கி நடத்திய அவர்தான் சேரன்மாதேவி குருகுலத்தை எதிர்த்து முன்னால் நின்றவர்களில் ஒருவர். வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய அந்தக் குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, பாதியைக் கொடுத்தும்விட்டது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற புகார் வெளியே வந்ததும் கமிட்டியே இரண்டுபட்டது. தேசத்தின் பணத்தில் நடக்கும் இடத்தில் இலை மட்டும் ஏன் தனி என்ற கேள்விக்கு, பெற்றோரின் விருப்பம் என்பதைத் தவிர உருப்படியான பதில் வரவில்லை. பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

1925 ஜூனில், பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். சுபத்ராவும் இறந்தாள். அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

இத்தனை சண்டையும் எந்த இலைக்குப் பக்கத்தில் எந்த இலை என்பதைப் பற்றியது. சோறு எங்கிருந்து வருகிறது, தீட்டு என்பதை அன்றாடம் கையால் காப்பாற்றுவது யார் என்ற கேள்விகள் இதில் வரவில்லை. பெரியாரின் சிறுவயதுக் கதை ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். ஆசிரியர் ஒருவர் வீட்டில் தண்ணீர் கேட்கிறார். ஒரு சிறுமி டம்ளரைக் கீழே வைத்து, தூக்கிக் குடிக்கச் சொல்கிறாள். குடித்து வைத்ததும் அதன்மேல் தண்ணீரை ஊற்றிக் கழுவி எடுத்துப் போகிறாள். அந்தச் சிறுவனின் மனதில் பட்ட காயத்துக்காக இந்தக் கதையைச் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்த வயதுக்குள் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அடுப்படி. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் சாதி இப்படித்தான், கரண்டியோடும் சொம்போடும் கைமாறியது. அதை மீறினால் முதல் அடியும் அவர்களுக்குத்தான்.

நாகம்மையார் சேலம் தாதம்பட்டிக்காரர். 1898இல், பதின்மூன்று வயதில், ஈரோட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். ஆசாரம் மிகுந்த வைணவ வீட்டில் மாமியாருக்கு ஏற்ற மருமகளாக விரதம் இருந்தார். அந்த விரதச் சோற்றில் கணவர் எலும்புத் துண்டைப் புதைத்து வைத்தார் என்று பெரியாரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு கதை வருகிறது. குறும்பு என்றும் பகுத்தறிவுப் பாடம் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லப்படுகிற கதை. அன்று பசியோடு இருந்தவரின் பக்கம் நின்று பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. மூடப்பழக்கம் ஒழிய வேண்டும்தான். ஆனால் அவர் பட்டினி கிடந்து காத்து வைத்திருந்த ஒன்றை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உடைத்தார்கள்.

அதே நாகம்மையார்தான் பிறகு எல்லாச் சாதிக்காரருக்கும் அந்த வீட்டில் சோறு போட்டார். வேளை தவறி எத்தனை பேர் வந்தாலும் இலை போட்ட அவருடைய கையைப் பாராட்டாதவர்கள் இல்லை. 1921இல் கள்ளுக்கடை மறியலுக்கும் 1924இல் வைக்கத்துக்கும் போனவர் என்பது அந்தப் பாராட்டுக்குள் அமுங்கிப் போகிறது. வந்தவர்களுக்கு அது சமபந்தி. அவருக்கு, இன்னும் பத்துப் பேருக்கு உலை வைப்பது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சமையல் நாடார்கள் கையில் இருந்தது. அதை ஒளிக்காமல் அறிவித்தார்கள். கோயில் வாசலே நாடார்களுக்கு மூடிக்கிடந்த நாட்களில் அது சாதாரணத் துணிச்சல் இல்லை. இலையைத் தாண்டி அடுப்புவரை போன முதல் சில முயற்சிகளில் ஒன்று அது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, மணவிலக்கு உரிமை என்ற தீர்மானங்களும் அதே பந்தலில் நிறைவேறின. ஆனாலும் மாநாட்டு அடுப்பு இரண்டு நாளில் அணைந்துவிடும். மறுநாள் காலையில் வீட்டு அடுப்பை மூட்டுவது யார் என்பதற்குத் தீர்மானம் ஏதும் இல்லை.

1933 மே 11ஆம் தேதி நாகம்மையார் இறந்தார். 'குடி அரசு' இதழில் பெரியார் எழுதிய இரங்கலுரை, பொது எழுத்து என்பதைவிட அனுப்ப முடியாமல் போன ஒரு சொந்தக் கடிதம் போலத்தான் எனக்குப் படுகிறது. பெண் விடுதலைக்காகப் பேசியதில் நூறில் ஒரு பங்கைக்கூட நாகம்மாள் விஷயத்தில் தான் கடைப்பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை என்று அதில் ஒப்புக்கொள்கிறார். இப்படி எழுதி வைத்த தலைவர்கள் வேறு எத்தனை பேர்? அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் கடிதம் யாருக்கோ அவர் படிக்க இல்லை.

தமிழ்நாட்டில் சமபந்தி அன்றாட வழக்கமானது பள்ளிக்கூடங்களில்தான். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுப்பை ஏற்றது பெண்கள், குறைந்த சம்பளத்தில். பழைய கேள்வி அங்கேதான் மறுபடி எழுந்தது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சமையலராக வந்த அருந்ததியர் பெண்ணை, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். சேரன்மாதேவியில் சொன்ன அதே பெற்றோரின் விருப்பம். அதிகாரிகள் தடுத்தவர்களை விட்டுவிட்டு, சமைக்க வந்தவரை இடம் மாற்றினார்கள். அவர் ஊரை விட்டுப் போகவில்லை, புகார் கொடுத்தார். அமைப்புகள் தெருவில் இறங்கின. 80க்கும் மேற்பட்டோர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. இடமாற்ற உத்தரவு ரத்தானது. அவர் திரும்பி வந்து அதே பள்ளியில் உலை வைத்தார்.