பாசறையில் பிறந்த மெட்டு
கேப்டன் இராம்சிங் தாக்கூரி நினைவாக

திருவிழாத் தேர்ப்பவனியில் பேண்டு வாத்தியக் குழுவின் பின்னாலேயே நடந்து, வீட்டாரைத் தேடவைத்து, அதற்காக அடியும் வாங்காத பிள்ளைகள் நம் பங்கில் உண்டோ? டிரம் முழங்கினால் கால்கள் தாமாகவே நடை பழகும். ஆனால் ஜூபிலி மலர்களைப் புரட்டினால், பங்குத் தந்தையரின் பெயர்ப் பட்டியல் இருக்கும். மணி வாங்கித் தந்தவர், கொடிமரம் நாட்டியவர் பெயர்கள் இருக்கும். கிளாரினெட் ஊதியவர் பெயர் மட்டும் இராது. அக்குறை நெஞ்சை உறுத்தியதால், வாத்தியத்தையே வாழ்வாகக் கொண்ட படைவீரர் ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவர் நம் ஊரார் அல்லர். எனினும் அவர் சேர்ந்திருந்த படை நமக்கு அந்நியமன்று.

கம்பம், சின்னமனூர், போடி என்று எப்பக்கம் போனாலும் ‘போஸ்’ என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பர். நேதாஜியின் மீது நம் தென்மாவட்டத்தார் கொண்ட பற்று அத்தகையது. பிழைப்புக்காக மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர் பெருந்திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி தலைமையேற்ற ஜான்சிராணிப் படையிலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்களே மிகுதி. அவர்கள் அணிவகுத்து நடந்த பாட்டுக்கு மெட்டமைத்தவரே இராம்சிங்.

இமயமலைச் சாரலில், தர்மசாலாவுக்கு அருகிலுள்ள கனியாராவில் 1914 ஆகஸ்டு 15-ஆம் நாள் பிறந்தவர். சிறு வயதிலேயே கூர்க்காப் படையில் சேர்ந்து, அங்கேயே மேல்நாட்டு இசையும் வயலினும் கற்றார். பட்டாளத்துப் பேண்டு பலருக்கு இசைப்பள்ளியாக இருந்ததுண்டு. சென்னைக் கோட்டையில் வெள்ளையர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டே முத்துசாமி தீட்சிதர் நோட்டுசுவரங்களை இயற்றினார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இரண்டாம் உலகப் போரில் மலேயாவுக்கு அனுப்பப்பட்ட இராம்சிங், ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்னர் அவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார்; இராம்சிங்கின் கலையைக் கண்டு வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வம்சீதர் சுக்லா எழுதிய ‘கதம் கதம் படாயே ஜா’ பாட்டுக்கு இராம்சிங் போட்ட மெட்டு படையெங்கும் பரவியது. போர் முடிந்ததும் ஆங்கில அரசு அப்பாட்டுக்குத் தடை விதித்தது. துப்பாக்கிகளைப் பறித்தாகிவிட்டது, பாட்டைப் பார்த்தும் பயம்! 1947-இல் நாடு விடுதலை பெற்ற பின்பே அத்தடை நீங்கியது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். நம் நாட்டுப்பண்ணுக்கு மெட்டமைத்தவரும் இவரே என்று சிலர் சொல்லியும் எழுதியும் வருகின்றனர். அது சரியன்று. ‘ஜன கண மன’ 1911 டிசம்பர் 27-இல் கல்கத்தா காங்கிரசிலேயே பாடப்பட்டது. 1919-இல் தாகூர் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோது, மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் துணையுடன் அதற்கு இசைக்குறிப்பும் எழுதப்பட்டது. 1942 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாத்தியக் குழுவினர் அதை இசைத்தனர். நேதாஜியின் தற்காலிக அரசு அமைந்தது 1943 அக்டோபர் 21-இல்தான். அவ்வரசுக்கென இந்துஸ்தானி மொழியில் எழுதப்பட்ட ‘சுப் சுக் சைன்’ என்னும் கீதம் தாகூரின் அதே மெட்டைத் தழுவியது. அதைப் படை வாத்தியங்களுக்கு ஏற்ப ஒழுங்குசெய்த பணியே இராம்சிங்குடையது. பிறர் புகழை இரவல் வாங்கித் தந்தால்தான் அவர் உயர்வார் என்பதில்லை. அவர் தந்தது அவருக்குப் போதும்.

படை கலைந்தபின் வெறுங்கையோடு ஊர் திரும்பிய வீரர் பலர். இராம்சிங் வாத்தியத்தை விடவில்லை. 1947 ஆகஸ்டில் செங்கோட்டை விழாவில் தம் குழுவுடன் இசைத்தார். மறு ஆண்டு உத்தரப்பிரதேச ஆயுதப் போலீஸ் பேண்டில் சேர்ந்து, 1974-இல் ஓய்வு பெறும்வரை லக்னோவில் பணிபுரிந்தார். பேண்டுக்காரர் வேலை என்னவென்று நாம் அறிவோம்: ஒரே பாடத்தை ஓராயிரம் முறை சொல்லிக்கொடுப்பது, வெயிலில் நிற்பது, விழா முடிந்தபின் கடைசியாகச் சாப்பிடுவது. ஓய்வுக்குப் பின்னரும் அவர் வயலின் ஓயவில்லை. 2002 ஏப்ரல் 15-ஆம் நாள் காலமானார்.

ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த அம்மெட்டுக்கு இன்று இந்திய இராணுவமே நடைபோடுகிறது. நம் பள்ளத்தாக்கிலிருந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளைக் கேட்டால் பாடிக் காட்டுவர்.

இறுதியாகப் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பேண்டுக் குழுவின் பழைய புகைப்படங்கள் எவர் வீட்டிலேனும் இருப்பின், நிற்போர், அமர்ந்திருப்போர் பெயர்களைப் பின்புறம் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துதவுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு படத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.