ஒற்றைப் பாதையும் இருவர் உடன்பாடும்

மனிதனின் மறதிக்கும் அவசரத்திற்கும் மின்சாரத்தைக் காவலாக நிறுத்திய கருவிகள் பல. விமான நிலையக் கோபுரத்திலிருந்து ஓடுபாதை விளக்குகளை இயக்கிய பழைய மின்பொறிச் சாதனங்கள் அவ்வினத்தைச் சேர்ந்தவை. அங்கே மெல்லிய மின்னோட்டம் தொலைவிலுள்ள மின்காந்தத்தைத் தூண்டும். அக்காந்தம் விளக்குகளின் பேராளியை இழுக்கும். அவ்வினத்தின் மூத்த உறவொன்று நமது மலையக இருப்புப்பாதையில் இடம்பெற்றது. அதுவே ‘டேப்லட்’ முறையாகும்.

கோப்பிச் செல்வத்தை நாடி எழுந்த இருப்புப்பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அதற்குள் நோயுற்ற கோப்பி வீழ்ந்து தேயிலை தழைத்தது. நாவலப்பிட்டிக்கு அப்பால் பாதை ஒன்றே. 44 அடிக்கு ஓரடி ஏறும் சரிவும், வளைவுகளும், மூடுபனியும் எதிர்வரும் வண்டியைச் சாரதியின் கண்ணுக்கு மறைப்பன. இத்தகைய பாதையில் எதிரெதிரே இரு வண்டிகளை விடுதல் எத்துணைப் பேரிடர்!

அவ்விடரை உலகிற்கு உணர்த்தியது இங்கிலாந்தில் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில் 1874 செப்டெம்பர் 10இல் நிகழ்ந்த விபத்து. அங்கே தந்தி வசதி இருந்தது. எனினும் உரிய அனுமதியின்றிச் சென்ற ஒரு செய்தியால் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் மோதின. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சொல் மட்டும் காவலாகாது என்பது அன்று புலனாயிற்று. எட்வர்ட் டையர் 1878இல் தமது டேப்லட் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

அதன் இயக்கம் எளியது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் கம்பியால் இணைந்த இரு கருவிகள் உண்டு. அவற்றுள் அப்பகுதியின் பெயர் பொறித்த வட்டத் தகடுகள் இருக்கும். ஒரு நிலைய அதிபர் மணியொலியால் அனுமதி வேண்டுவார். மற்றவர் உடன்பட்டுத் தம் கருவியின் குமிழை அழுத்தினாலன்றித் தகடு வெளிவராது. ஒன்று வெளிவந்தபின் இரு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அத்தகடு மறுமுனைக் கருவியிலோ, எடுத்த கருவியிலோ மீண்டும் இடப்படும்வரை வேறொன்றை எவரும் எடுத்தல் இயலாது. பெரிய வளையத்தோடு கூடிய தோற்பையில் அதைப் பெற்ற சாரதியே அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம்.

ஈண்டு ஓர் உண்மையை நோக்குக. இக்கருவி மனிதனை விலக்கவில்லை. தனியொருவன் முடிவை மட்டுமே விலக்கியது. தகட்டிலுள்ள பெயரைப் படித்துப் பார்க்கும் கடமை சாரதிக்கு எஞ்சியே நின்றது. தேயிலைப் பெட்டிகளும் தோட்டத்து மக்களும் அப்பாதையிற் பாதுகாப்பாகச் சென்றமைக்கு, பூட்டிய பொறியும் விழித்த கண்ணும் ஒருங்கே காரணமாம். இரண்டில் ஒன்று குறையினும் காவல் குறைவுபடும்.