பனிக்காலமும் ஒரு பாடநூல்

மண்ணையும் மரத்தையும் மாணாக்கர் நேரிற் கண்டு கற்றல் வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அறிந்த கொள்கையாகும். ஆயினும், இலையுதிர்ந்து, நிலம் உறைந்து, எங்கணும் பனி மூடிய நாளில் அக்கொள்கை எவ்வாறு நிலைபெற்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்த்திலர். அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் நிகழ்ந்த அம்முயற்சி நம் சிந்தனைக்கு உரியது.

1890களின் தொடக்கத்தில் அம்மாநில உழவர்கள் பெரும் பொருளாதார நெருக்கடிக்கு உள்ளாயினர். இளைஞர்கள் நிலத்தைக் கைவிட்டு நகரங்களை நாடினர். பிறந்த மண்ணை அறியாத பிள்ளை அதனை எங்ஙனம் நேசிக்கும் என்னும் வினா எழுந்தது. இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகம் இப்பணியை மேற்கொண்டது. தோட்டக்கலைப் பேராசிரியர் லிபர்ட்டி ஹைட் பெய்லியின் முன்னின்ற உழைப்பால், 1896-ஆம் ஆண்டு முதல் கிராமப்புற ஆசிரியர்களுக்கென இயற்கைக் கல்வித் துண்டுநூல்கள் வெளிவரலாயின.

ஆனால், இங்கே ஓர் இடர்ப்பாடு இருந்தது. பயிர் செழிக்கும் கோடையில் பள்ளிக்கு விடுமுறை. பள்ளி நடக்கும் காலத்தின் பெரும்பகுதியோ குளிர்காலம். பனியைக் காரணங்காட்டி வகுப்பறைக்குள் முடங்கினால் இயற்கைக் கல்வி பெயரளவிலேயே நின்றுவிடும். ஆகவே, குளிர்காலத்தையே பாடமாக்கினர்.

பெய்லி எழுதிய துண்டுநூல்களுள் ஒன்று நான்கு ஆப்பிள் சிறுகிளைகளைப் பற்றியது. இலையற்ற கிளையில் காண்பதற்கு என்ன உண்டு என வினவலாம். உற்று நோக்கின், அதுவே அக்கிளையின் வரலாற்றுச் சுவடி! நுனிமொட்டின் செதில்கள் உதிர்ந்த இடத்தில் வளையத் தழும்பு நிற்கும். இரு வளையங்களுக்கு இடைப்பட்ட நீளமே ஓராண்டு வளர்ச்சி. எந்த ஆண்டு கிளை செழித்தது, எந்த ஆண்டு நலிந்தது என்பதைச் சிறுவனும் அளந்து கூறலாம். வரும் வேனிலில் விரியவிருக்கும் இலை, செதில்களின் காப்பில் ஏற்கெனவே உறங்குவதையும் காணலாம்.

மண்ணும் அவ்வாறே பாடம் புகட்டும். பனிக்கு மேலும் கீழும் வெப்பமானியை வைத்துப் பார்த்தால், பனிப்போர்வையின் அடியில் குளிர் குறைந்திருப்பது புலனாகும். பனித்துகள்களின் இடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆதலின் வேர்கள் காக்கப்படுகின்றன. நீர் உறையும்போது பருமனில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு பெருகும். அவ்விசையால் கட்டிமண் உதிர்கிறது; பாறையும் பிளக்கிறது. உழவனுக்குப் பனி செய்யும் ஊழியத்தைப் பிள்ளை அங்கே கண்டுகொள்கிறது.

இப்பணியில் உடனுழைத்தவர் அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் அம்மையார். 1890களின் இறுதியில் உதவிப் பேராசிரியராக அமர்த்தப்பட்ட அவரை, பெண் என்பதால் ஆட்சிக்குழுவினர் சிலர் எதிர்த்தமையால் விரிவுரையாளர் நிலைக்கு இறக்கினர். முழுப் பேராசிரியர் பதவி 1920-இல்தான் கிட்டியது. 1911-இல் அவர் வெளியிட்ட இயற்கைக் கல்விக் கையேடு தொள்ளாயிரம் பக்கங்களை விஞ்சியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. ஆசிரியர்களின் அச்சத்தை அவர் நன்கறிந்திருந்தார். மாணவன் கேட்கும் வினாவிற்கு விடை தெரியாவிடில், ‘எனக்குத் தெரியாது’ என்று தயங்காமல் கூறி, அவனோடு சேர்ந்து தேடுக என்பதே அவர் வழங்கிய அறிவுரை. பாடம் பத்து நிமிடம் முதல் அரைமணி நேரத்திற்குள் அமைதல் போதும் என்றும் அவர் வகுத்தார்.

இம்முயற்சியால் இளைஞர்கள் நகருக்குச் செல்வது நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மக்கள் தொகையில் உழவர் பங்கு குறைந்துகொண்டே வந்தது. எனவே, எண்ணிய நோக்கம் ஈடேறவில்லை எனலாம். எனினும், பள்ளிச் சிறுவன் தன் கண்ணால் கண்டதைத் தன் சொல்லால் கூறத் தகுதியுடையவன் என்னும் உண்மை அப்பனிநிலத்தில் வேரூன்றியது. அது சிறிய வெற்றியன்று.

நம் நாட்டில் பனி பெய்வதில்லை. ஆனால், ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கிளைகளாய் நிற்கின்றன. அக்காட்சியைக் கடந்து பள்ளிக்கு வரும் மாணாக்கர் இன்றும் உள்ளனர். ஒரு கிளையை அவர்தம் கையில் கொடுத்து, ‘நீ என்ன காண்கிறாய்?’ என வினவுவதற்குச் செலவேதும் இல்லை. விடை முழுவதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேண்டுவன பொறுமையும், பிள்ளையின் கண் மீது நாம் கொள்ளும் நம்பிக்கையுமே ஆகும்.