டிரெய்லர் பிரேக்: வரலாறும் வளர்ச்சியும்

டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி என்பது, முன்னால் இழுத்துச் செல்லும் வண்டியின் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது, பின்னால் இணைந்து வரும் டிரெய்லரின் சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கச் செய்யும் ஒரு சிறிய மின்கருவியாகும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் படகு, குதிரை, வீட்டு வண்டி முதலியவற்றைக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்வோர் இதனைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். கைக்கு அடக்கமான இக்கருவிக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. இவ்வரலாறு இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறு. ஓட்டுநரின் கட்டளை பின்னால் வரும் வண்டிக்கு எவ்வாறு செல்கிறது என்பது முதற் கேள்வி. இரு வண்டிகளுக்கும் இடையிலான இணைப்பு அறுந்துபோனால் என்ன நிகழும் என்பது இரண்டாவது கேள்வி.

பின்வண்டிக்குப் பிரேக் ஏன் தேவை?

2000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நல்ல சாலையில் முழு பிரேக் பிடித்தால் அது ஏறத்தாழ 35 மீட்டரில் நின்றுவிடும். அதே எடையுள்ள டிரெய்லர் ஒன்றைப் பிரேக் இல்லாமல் பின்னால் மாட்டினால், நிறுத்த வேண்டிய நிறை இருமடங்காகிறது. நிறுத்தும் விசையோ ஏறத்தாழ முன்பிருந்த அளவே. எனவே வண்டி நிற்க 70 மீட்டர் அளவுக்குத் தேவைப்படும்.

தொலைவு கூடுவதோடு ஆபத்து முடிவதில்லை. முன்வண்டி வேகம் குறையும்போது பின்வண்டி அதனைத் தள்ளுகிறது. வளைவிலோ ஈரச் சாலையிலோ இவ்வாறு தள்ளப்பட்டால், இரு வண்டிகளும் மடக்குக் கத்தி மடங்குவதுபோல் ஒன்றையொன்று நோக்கி மடங்கிவிடும். பின்வண்டி தன் எடையைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது.

ரயில் பாதை கற்றுத்தந்த பாடம்

இச்சிக்கலை முதலில் சந்தித்தவை ரயில்கள். தொடக்க காலத்தில் எஞ்சின் ஓட்டுநர் ஊதல் ஒலி எழுப்புவார். பெட்டிகளில் இருந்த பணியாளர்கள் அதைக் கேட்டுக் கைப்பிரேக்கைச் சுழற்றுவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் அழுத்தக் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து குழாய் வழியே காற்றை அனுப்பி எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கலாம் என்பது அதன் பயன். முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் குழாய் அறுந்தால் காற்று வெளியேறிவிடும், பிரேக்கே இராது.

1872இல் அவர் அமைப்பைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள காற்றுக் கலன் தானாகவே பிரேக்கைப் பிடிக்கும். அறுந்த குழாயும் இப்போது வண்டியை நிறுத்தும் கட்டளையாகவே செயல்பட்டது.

எனினும் செலவு கருதிப் பல ரயில் நிறுவனங்கள் பழைய முறையையே வைத்திருந்தன. அதன் விலை 1889 ஜூன் 12 அன்று தெரிந்தது. அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள ஆர்மா நகரிலிருந்து, ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியரையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலா ரயில் வாரன்பாயிண்ட் கடற்கரைக்குப் புறப்பட்டது. செங்குத்தான மேட்டில் எஞ்சின் ஏற முடியாமல் நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை மட்டும் முதலில் கொண்டு செல்லப் பணியாளர்கள் முடிவு செய்தனர். அந்த ரயிலில் இருந்தது தானாகப் பிடிக்காத வெற்றிடப் பிரேக். பிரித்த கணமே பின்பகுதியின் பத்துப் பெட்டிகளும் பிரேக் இழந்தன. கடைசி வண்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும் மட்டுமே அவற்றைத் தாங்கின. முன்பகுதி கிளம்பும்போது சற்றே பின்னுக்கு நகர்ந்து இடித்தது. பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு ரயிலில் மோதின. 80 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், பயணிகள் ரயில்களில் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவும் 1893இல் ரயில் பாதுகாப்புச் சாதனச் சட்டத்தை இயற்றியது. நம் நாட்டு ரயில் பெட்டிகளில் உள்ள அபாயச் சங்கிலி இக்கொள்கைக்கு எளிய எடுத்துக்காட்டு. சங்கிலியை இழுத்தால் பிரேக் குழாயின் சமநிலை குலைகிறது. உடனே பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது.

சாலைக்கு வந்த டிரெய்லர்

1914இல் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃபுரூகாஃப் என்ற கொல்லரிடம், ஃபிரெடெரிக் சிப்லி என்ற மரவணிகர் தம் படகை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு வண்டி செய்துதருமாறு கேட்டார். அவ்வண்டி நன்றாகப் பயன்படவே, மரம் ஏற்றுவதற்கும் அதுபோன்ற வண்டிகளைச் செய்யச் சொன்னார். இன்றைய சரக்கு டிரெய்லர் தொழிலின் முக்கியத் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

பெரிய லாரிகள் ரயிலின் வழியைப் பின்பற்றிக் காற்றுப் பிரேக்கை ஏற்றன. காருக்கு அது பொருந்தவில்லை; காற்றை அழுத்தும் கம்ப்ரசர் காரில் இல்லை. ஆனால் 1912இல் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் வந்தபின், பேட்டரி மெல்ல மெல்லக் காரின் நிலையான உறுப்பாகிவிட்டது. ஆகவே கட்டளையை மின்சாரத்தின் வழியே அனுப்பும் எண்ணம் தோன்றியது. வேகமானி உருவாக்கத்தில் புகழ்பெற்ற ஆர்தர் பி. வார்னர், 1927இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் நகரில் மின்பிரேக் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டு டிரெய்லர்கள் பெருகிய காலத்தில் மின்பிரேக்குக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது.

மின்பிரேக் செயல்படும் முறை

வில்லியம் ஸ்டர்ஜன் 1825இல் செய்துகாட்டிய மின்காந்தமே இதன் அடிப்படை. ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள்ளும் ஒரு சிறிய மின்காந்தம் நெம்புகோல் ஒன்றின் முனையில் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரம் சுழன்றுகொண்டே காந்தத்தைத் தன்னுடன் சற்று இழுத்துச் செல்லும். அந்த அசைவில் நெம்புகோல் திரும்பி, பிரேக் ஷூக்களை டிரம்மின் மேல் அழுத்தும்.

சக்கரத்தை நிறுத்தும் பெரும் விசையைக் காந்தம் தருவதில்லை. சுழலும் சக்கரத்திடமிருந்தே அது பெறப்படுகிறது. அதனால்தான் ஒரு காந்தத்துக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்னோட்டமே போதுமானதாகிறது. நான்கு சக்கர டிரெய்லருக்கு 12 ஆம்பியர் அளவு தேவை.

கட்டுப்பாட்டுக் கருவியின் வளர்ச்சி

மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் அமைப்பே தொடக்கக் காலக் கருவிகளில் இருந்தது. ஒரு வகையில், காரின் பிரேக் எண்ணெய்க் குழாயிலிருந்து ஒரு கிளைக் குழாய் எடுக்கப்பட்டது. மிதிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப மின்னோட்டம் மாறியது. பிரேக் ஒத்திசைவாக இருந்தபோதிலும், கிளைக் குழாயில் கசிவு ஏற்பட்டால் காரின் பிரேக்கே கெடக்கூடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வந்தபின் இம்முறை மறைந்தது.

அடுத்து வந்த கருவி, காரின் பிரேக் விளக்குச் சுவிட்சிலிருந்து குறிப்பைப் பெற்றது. விளக்கு எரிந்ததும் முன்பே அமைத்த வேகத்தில் மின்னோட்டம் படிப்படியாக உயரும். ஓட்டுநர் மெதுவாக மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும் விளைவு ஒன்றே என்பது இதன் குறை. இக்குறையை நீக்க, வண்டி வேகம் குறையும்போது முன்னால் சாயும் ஊசற்குண்டைக் கொண்ட கருவி வந்தது. எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு மின்னோட்டம் செல்லும். இன்று ஊசற்குண்டின் இடத்தில் நுண் உணரிகள் உள்ளன. 2005ஆம் ஆண்டு மாதிரி ஃபோர்டு சூப்பர் டியூட்டி வண்டிகளில் இக்கருவி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது.

தனியாகப் பொருத்தும் கருவியில் வழக்கமாக நான்கு கம்பிகள் இருக்கும். கறுப்பு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக் விளக்குச் சுவிட்சிலிருந்து வருவது, நீலம் டிரெய்லரின் காந்தங்களுக்குச் செல்வது. நீலக் கம்பி வண்டியின் பின்புறத்தில் உள்ள ஏழு முனை இணைப்பியில் முடிகிறது. இணைப்பியின் மற்ற முனைகள் எர்த், பேட்டரி, பின்விளக்கு, இடம், வலம், பின்னோக்கு விளக்கு ஆகியவற்றுக்குரியவை. எர்த் இணைப்பில் துருப்பிடித்தாலே காந்தங்களுக்குப் போதிய மின்னோட்டம் செல்லாது, பிரேக் வலுவிழந்துவிடும்.

அறுந்தால் என்ன ஆகும்?

இங்கே ஆர்மாவின் பாடம் மீண்டும் வருகிறது. மின்பிரேக் மின்சாரம் வந்தால்தான் பிடிக்கும். கம்பி அறுந்தால் பிடிக்காது. அவ்வகையில் இது வெஸ்டிங்ஹவுஸின் 1869ஆம் ஆண்டு முறைக்கே திரும்பிச் செல்வதாகும். இக்குறையைப் போக்க, டிரெய்லரிலேயே ஒரு சிறிய பேட்டரியும் சுவிட்சும் வைக்கப்படுகின்றன. சுவிட்சின் ஊசி ஒரு மெல்லிய கம்பிவடத்தால் இழுக்கும் வண்டியுடன் கட்டப்பட்டிருக்கும். டிரெய்லர் கழன்று ஓடினால் ஊசி பிடுங்கப்பட்டு, சிறிய பேட்டரியின் மின்சாரம் காந்தங்களுக்குப் பாயும். அமெரிக்க வணிக வாகன விதிகளின்படி, பிரேக் பொருத்த வேண்டிய டிரெய்லர் கழன்றால் பிரேக் உடனே தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்த நிலையிலேயே இருக்க வேண்டும்.

ஐரோப்பா வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்குப் பிரேக் கட்டாயம். 3500 கிலோ வரையிலான டிரெய்லர்களில், பின்வண்டி முன்வண்டியைத் தள்ளும் விசையையே கொண்டு பிரேக் பிடிக்கும் இயந்திர முறை பரவலாக உள்ளது. டிரெய்லர் கழன்றால் ஒரு கம்பிவடம் அதன் கைப்பிரேக்கை இழுத்துவிடும்.

சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் ஓட்டுநர் அறைக்கும் டிரெய்லருக்கும் இடையே சுருள் குழாய்கள் தொங்குவதைக் காணலாம். வெஸ்டிங்ஹவுஸ் வகுத்த கொள்கைப்படி அவற்றின் வழியே காற்று செல்கிறது. காரின் பின்னால் செல்லும் டிரெய்லரில் அந்த வேலையைச் செய்வது ஒரு சிறிய பேட்டரி. பயணம் தொடங்கும் முன் அந்தப் பேட்டரியில் மின்சாரம் இருக்கிறதா, ஊசியின் கம்பிவடம் முன்வண்டியில் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஓட்டுநரின் பொறுப்பாகும்.