தங்கவயல் கிறித்தவரும் 'நம்பிக்கை' என்னும் சொல்லும்

கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தொடங்கிய சுரங்கத் தொழில், அரசுடைமையாகிப் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாக மாறி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் முடிவுக்கு வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து அங்குச் சென்று குடியேறிய உழைப்பாளருள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினரான தமிழர். அவருள் ஒரு பகுதியினர் கிறித்தவர். துயர்மிக்க வாழ்வில் அவர்களைத் தாங்கிய சமயச் சொற்கள் எவை, அச்சொற்கள் மொழிபெயர்ப்பாளர் கையில் எவ்வாறு மாறின என்பது மொழியியலாரின் கவனத்திற்குரியது.

தங்கவயலின் துயர் பொதுவான வறுமை மட்டுமன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அத்தகைய ஆழத்தில் அழுத்தம் தாளாத பாறை வெடிமருந்தின்றியே வெடிக்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்று அங்கு வழங்கிய இவ்விபத்து எப்போது நேரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. பாறைத் தூள் நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ் நோயோ மெல்லக் கொல்வது. காலையில் கூண்டில் இறங்கியவர் மாலையில் மேலே வருவார் என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக நம்பப்பட வேண்டிய செய்தியாக இருந்தது.

இங்குள்ள 'நம்பு' என்னும் வினையே இக்கட்டுரையின் மையம். தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகிறது. பிற்காலத் தமிழில் இவ்வினை இருவகைத் தொடரமைப்பில் வருகிறது. 'அவரை நம்பினாள்' என இரண்டாம் வேற்றுமை ஏற்று வரும்போது ஒருவர்மேல் வைக்கும் பற்றுறுதியைக் குறிக்கும். 'அவர் வருவார் என்று நம்பினாள்' என 'என்று' கொண்ட தொடரை ஏற்கும்போது வரவிருக்கும் நன்மையின்மேல் உள்ள விருப்பத்தைக் குறிக்கும். பழைய நசைப் பொருள் இவ்விரண்டாம் அமைப்பில்தான் தெளிவாக எஞ்சியுள்ளது எனலாம். 'நம்பிக்கை' என்று பெயராக்கும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலோ இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள்: பிஸ்திஸ், எல்பிஸ். 1715இல் சீகன்பால்கின் புதிய ஏற்பாடும் 1772இல் பப்ரிசியுசின் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. இவ்வழியில் வளர்ந்து, பவர் தலைமையில் திருத்தப்பெற்று 1871இல் நிலைபெற்ற சீர்திருத்தத் திருச்சபையாரின் வேதாகமம் முதற்சொல்லை 'விசுவாசம்' என்றும் இரண்டாவதை 'நம்பிக்கை' என்றும் பெயர்த்தது. கத்தோலிக்கரின் பழைய செபங்களிலும் இதே பங்கீடுதான். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்னும் மந்திரங்களை மனப்பாடம் செய்த தலைமுறை இன்றும் உண்டு. மற்றவற்றில் எத்துணை வேறுபட்டாலும், இவ்விரு சொற்களில் இரு சபையினரும் ஒன்றுபட்டிருந்தனர்.

இப்பங்கீட்டில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. சபைக்கு வெளியே 'விசுவாசம்' என்றால் எசமானுக்குக் காட்டும் பணிவும் நன்றியும் ஆகும். ஒரு நிறுவனமே வீடும் வேலையும் தந்து ஆண்ட ஊரில் இப்பொருள் வெறும் அகராதிப் பொருளன்று. கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து 1930இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் மறுத்தது அத்தகைய விசுவாசத்தைத்தான். ஞாயிறன்று அதே சொல்லைக் கோயிலில் வேறு பொருளில் கேட்டனர். சொல் ஒன்றாயினும் இடத்திற்கேற்பப் பொருளைப் பிரித்தறிந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

ஒருவரையொருவர் தாங்குவதைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே ஆராயத்தக்கவை. திருத்தூதர் பணிகளில் தொடக்கச் சபையின் கூட்டுவாழ்வைக் குறிக்கும் கொய்னோனியா என்பதைப் பழைய வேதாகமம் 'அந்நியோந்நியம்' என்றது. வடமொழியில் இதன் நேர்ப்பொருள் 'ஒருவர்க்கொருவர்' என்பது. மூலத்தின் கருத்துக்கு அது ஒருவாறு பொருந்தியது. இன்று அது கணவன் மனைவியரின் நெருக்கத்திற்கே பெரிதும் வழங்குகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இவ்விடத்தில் 'நட்புறவு' என்கிறது. சொல் எளியது, ஆயினும் ஒருவர் இழப்பில் மற்றவர் பங்கு கொள்ளும் கடமை அதில் சற்றுக் குறைவு. தூய ஆவியாரைப் பழைய பதிப்பு 'தேற்றரவாளன்' என, புதிய பதிப்பு 'துணையாளர்' என்கிறது. அருகில் நிற்க அழைக்கப்பட்டவர் என்னும் மூலப்பொருளுக்கு இங்குப் புதிய சொல்லே நெருக்கமானது. துக்க வீட்டில் பேச்சைவிட உடனிருத்தலே பெரிது என்பதை அறிந்தோர்க்கு இது விளங்கும்.

தங்கவயலில் உடனிருந்தோர் கிறித்தவர் மட்டுமல்லர். அயோத்திதாசர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் இயங்கியது. அவர் 1914இல் மறைந்தபின், 1926 முதல் 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 'சங்கம்' என்னும் ஒரு சொல்லே பௌத்தருக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் தென்னிந்தியத் திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் பொதுவாக வழங்குவது நோக்கத்தக்கது. தொழிலாளர் குடியிருப்பு லைன்களில் சமயங்கள் அடுத்தடுத்து வாழ்ந்தன. சாவு வீட்டிற்கு அனைவரும் வந்தனர்.

இச்சூழலில்தான் 1995ஆம் ஆண்டின் மாற்றத்தை மதிப்பிட வேண்டும். திருவிவிலியம் 'விசுவாசம்' என்பதை விலக்கி, பிஸ்திஸ் என்பதற்கு 'நம்பிக்கை' என்றும், எல்பிஸ் என்பதற்கு 'எதிர்நோக்கு' என்றும் பெயர்த்தது. 'நம்பிக்கை' ஓரிடம் நகர்ந்தது. சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் பழைய பதிப்பையே தொடர்ந்து படித்தமையால், ஒரே சொல் ஒரு கோயிலில் ஒன்றையும் அடுத்த கோயிலில் மற்றொன்றையும் குறிக்கலாயிற்று.

'எதிர்நோக்கு' முதனிலைத் தொழிற்பெயர். நல்ல தமிழ் ஆக்கம். எனினும் அதன் வினை நன்மை, தீமை இரண்டையும் ஏற்கும். உதவியையும் எதிர்நோக்கலாம், நெருக்கடியையும் எதிர்நோக்கலாம். 2001இல் சுரங்கம் மூடியபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் எதிர்நோக்கியது வேலையிழப்பை. நீதிமன்ற வழக்குகளின் வழியே எதிர்நோக்கியது மீட்சியை. பின்னர்ப் பல்லாயிரவர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஊராயிற்று தங்கவயல். நசையைத் தன்னுள் கொண்ட 'நம்பிக்கை' தீமையை ஏற்பதில்லை. 'நோயை நம்புகிறேன்' என்று எவரும் சொல்லார். பொருள் வரையறையில் புதிய சொல் திருத்தமானது; உணர்வின் எடையில் பழைய சொல்லே நிறைவுடையது.

இவ்வேறுபாட்டின் விளைவு அடக்கச் சடங்கில் வெளிப்படும். தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரம், இறந்தோரை எண்ணி வருந்துவது பற்றிப் பேசும்போது, எல்பிஸ் இல்லாத மற்றவரைப் போல வருந்த வேண்டா என்கிறது. பழைய பதிப்பு அம்மற்றவரை 'நம்பிக்கையற்றவர்' என்கிறது. 1871இல் அதன் பொருள், வருங்காலத்தைப் பற்றிய நல்லெண்ணம் இழந்தவர் என்பதே. புதிய வழக்கில் பழகிய காதுக்கோ அது 'சமய நம்பிக்கை இல்லாதவர்' என்று ஒலிக்கும். பாடை சுமந்து வந்த பௌத்தரோ இந்துவோ கல்லறையருகில் நின்று இதைக் கேட்டால், ஆறுதலாகச் சொல்லப்பட்டது விலக்காகப் படும். திருவிவிலியத்தின் 'எதிர்நோக்கு' இவ்விடத்தில் அந்த மயக்கத்தைத் தவிர்க்கிறது என்பதை அதன் குறைகளோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

2025ஆம் ஆண்டின் யூபிலியை முன்னிட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்த கருப்பொருளைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்றே வழங்கினர். பழைய வேதாகமத்தின் வழக்குப்படி அவர்கள் 'நம்பிக்கையின்' பயணிகள் ஆவர். இரு சபையாரும் கூடும் வழிபாட்டிற்குத் தாள் அச்சிடும் மொழிபெயர்ப்பாளர், அடுத்த வீட்டாரின் காதில் அச்சொல் எவ்வாறு விழும் என்பதையும் அறிந்தே ஒன்றைத் தேர வேண்டியிருக்கிறது.